துரும்பும் வசனமும்

வீரபாண்டிய கட்டபொம்மனைப் பற்றித் தமிழில் எழுதியும் பேசியும் ஆடியும் தீர்த்தாயிற்று. அவன் தம்பி ஊமைத்துரையோ அண்ணன் கதைக்கு ஒட்டுப்போட்ட பின்குறிப்பாகவே இருந்து வருகிறான். சரித்திரத்தில் அவன் சிறியவன் என்பதால் அல்ல இது. கோளாறு நம் ரசனையில் இருக்கிறது. பேசத் தெரிந்தவனைத்தான் நாம் தலைவன் என்று ஒப்புக்கொள்கிறோம்.

1959இல் வந்த பந்துலுவின் படத்தை எடுத்துக்கொள்ளலாம். சக்தி கிருஷ்ணசாமியின் வசனம், சிவாஜி கணேசனின் குரல். படம் கயத்தாற்றில், தூக்குக் கயிற்றோடு முடிகிறது. அது நடந்தது 1799 அக்டோபர் 16. கம்பெனிப் படையை உண்மையில் திணற அடித்த யுத்தம் அதற்குப் பிறகுதான். 1801 பிப்ரவரி 2இல் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31இல் மெக்காலேயின் தாக்குதல் அந்த மண் சுவரில் மோதித் தோற்றுத் திரும்பியது. கூடுதல் படையும் பெரிய பீரங்கிகளும் ஆக்னியூவும் வந்து சேர்ந்து, மே 24இல்தான் கோட்டை விழுந்தது. அப்புறம் சிறுவயல், மருது சகோதரர்கள், காளையார்கோவில் காடு. அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருதுகளைத் தூக்கிலிட்டார்கள். நவம்பர் 16இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையைக் கொன்றார்கள். இவ்வளவும் படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு நடப்பவை.

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் பள்ளிகளில் சுதந்திர தினத்துக்கு மாறுவேடப் போட்டி வைப்பார்கள். ஆகஸ்ட் மழையில் மையால் மீசை வரைந்துகொண்ட பையன் நடுங்கிக்கொண்டே வரிகேட்கும் ஜாக்சனை அதட்டுவான். தொண்டைக்குத்தான் மார்க். இதுவரை ஒரு பையனும் ஊமைத்துரையாக வந்து நான் பார்த்ததில்லை. வந்தால் என்ன செய்வான்? மனப்பாடம் செய்ய அவனுக்கு ஒரு வரிகூட இல்லையே.

ஆனால் அவன் செய்ததை ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எதிரி முகாமில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற இளம் அதிகாரி. பின்னாளில், 1830இல், இரண்டு பாகங்களாகத் தன் ராணுவ நினைவுகளை வெளியிட்டார். அதில் வரும் ஊமைத்துரை வாட்டசாட்டமான நாயகன் அல்லன். ஒல்லியானவன், நோயாளிபோலத் தோன்றுபவன், பேச்சில்லாதவன். தாக்குதலுக்கு முன் சில துரும்புகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவானாம். அவை வெள்ளைக்காரர் படை. நேரம் எது, வழி எது என்பதெல்லாம் வேறு சைகைகள். பிறகு மறு கையால் அத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்தெறிவான், வாயிலிருந்து ‘விஸ்’ஸென்று ஒரு ஒலியோடு. உத்தரவு அவ்வளவுதான். கூட்டம் பாயும். முதல் ஆளாகப் போகிறவனும் பெரும்பாலும் அவனே.

படிமம் படிமம் என்று நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். பவுண்டையும் எலியட்டையும் துணைக்கு அழைத்திருக்கிறோம். நம் மண்ணில், நம் யுத்தத்தில், ஒரு கையளவு இடத்தில் ஒரு சாம்ராஜ்யத்தை வைத்துக் காட்டிய இந்தச் செயலைவிடச் செறிவான படிமம் எங்கே இருக்கிறது? வரி கொடுக்க மறுக்கும் வசனம் எத்தனை நீளமானாலும் அது ஒரு மனிதனின் கோபம் மட்டுமே. துரும்பில் வெள்ளைக்காரன் எவ்வளவு கனமானவன் என்ற மதிப்பீடே இருக்கிறது.

இங்கே வேறொரு நாட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்து மூன்று ஆண்டுகள் கழித்து, கூடலூருக்கு அந்தப் புறம் வயநாட்டுக் காட்டில் பழசி ராஜா இன்னும் போரிட்டுக்கொண்டிருந்த 1804இல், செர்பியர்கள் எழுந்தார்கள். பெல்கிரேடைக் கைப்பற்றிக்கொண்டு சுல்தானுக்கே அடங்காமல் ஆண்ட தாஹிகள் என்ற ஜானிசாரித் தலைவர்கள், ஊர்ப் பெரியவர்களைத் தேடித்தேடி வெட்டினார்கள். பன்றி வியாபாரம் செய்துகொண்டிருந்த கராஜோர்ஜே தலைவனானான். அவனும் பேச்சாளி அல்லன்; எழுதப் படிக்கத் தெரியாதவன், முன்கோபி. 1813இல் தோற்று எல்லை தாண்டினான். 1815இல் இரண்டாம் எழுச்சியை நடத்திய மிலோஷ் ஒப்ரனோவிச் துப்பாக்கியைவிடப் பேரத்தை நம்பியவன். 1817இல் ரகசியமாகத் திரும்பிவந்த கராஜோர்ஜேயைக் கொல்லச் செய்து தலையைச் சுல்தானுக்கு அனுப்பிவைத்தான். புதுக்கோட்டைத் தொண்டைமானைத் தெரிந்த நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை.

அதிர்ச்சி பாட்டில் இருக்கிறது. சிறுவயதில் அம்மை வார்த்துக் கண்ணிழந்த பிலிப் விஷ்னிச், குஸ்லே என்ற ஒற்றை நரம்பு வாத்தியத்தோடு கலகக்காரர்களிடையே திரிந்தவர். எழுச்சியின் தொடக்கத்தை அவர் பாடும்போது நாயகனின் சபதத்தில் ஆரம்பிப்பதில்லை. வானத்தில் அபசகுனங்கள். பயந்துபோன தாஹிகள் ஒரு கண்ணாடித் தட்டில் டான்யூப் நதி நீரை மொண்டு கோபுரத்தின் மேல் கொண்டுபோகிறார்கள். நீரில் நட்சத்திரங்கள் விழுகின்றன. குனிந்து தங்கள் பிம்பத்தைப் பார்க்கிறார்கள். ஒருவருக்கும் தலை இல்லை. நாயகன் பேசாமலேயே யுத்தம் முடிவாகிவிடுகிறது. இதை 1815இல் ஒரு மடாலயத்தில் விஷ்னிச்சின் வாய்வழி கேட்டு எழுதிக்கொண்டவர் வூக் கராஜிச். அவரே அந்த எழுச்சியில் எழுத்தராக இருந்தவர்தான்.

தட்டு நீரும் உள்ளங்கைத் துரும்பும் ஒரே இனம். வித்தியாசம், ஒன்று அந்த மொழியின் கவிதைக்குள் போயிற்று. மற்றது எதிரியின் இங்கிலீஷ் புத்தகத்துக்குள் போயிற்று. என் தொழில் பாஷையில் சொன்னால், நம் வரவு வேறொருவன் பேரேட்டில் ஏறியிருக்கிறது. நம்மிடம் பாடகர்கள் இல்லாமல் இல்லை. கட்டபொம்மு கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்துத் தந்திருக்கிறார். ஆனால் அந்தப் பதிப்பு வந்தபோது சினிமா நாயகனுக்கு வயது பத்தைத் தாண்டிவிட்டது. நாம் பாட்டை வசனத்தின் வழியாகவே கேட்கப் பழகிவிட்டோம். வூக் பாடகன் இருக்கும்போதே போனார். நாம் டூரிங் டாக்கீஸ் போன பிறகு போனோம்.

வெல்ஷை அப்படியே நம்பலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். தோற்றவனை மெச்சுவது ஜெயித்தவனுக்குக் கட்டுபடியாகும் ஆடம்பரம். சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றதாக எழுதும் அதே மனிதர்தான் அவனை விலங்கிட்ட கைதியாகவும் பார்த்து வருத்தப்படுகிறார். வருத்தம் தூக்கை நிறுத்தவில்லை. ஊமைத்துரையை மக்கள் தெய்வம்போலக் கொண்டாடினார்கள் என்று அவர் வியப்பதில் கொஞ்சம் ஐரோப்பிய ரொமான்டிக் வாசனை உண்டு. துரும்பில் அது இல்லை. பெரிதுபடுத்த நினைப்பவன் இவ்வளவு அற்பமான பொருளைக் கண்டுபிடிக்க மாட்டான்.

வார்த்தையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கட்சி கட்ட வேண்டாம். 1801 ஜூனில் மருது பெயரால் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டப்பட்ட அறிக்கையும் வார்த்தைதான். ஜாதி ஜாதியாகப் பெயர் சொல்லி எல்லோரையும் ஆயுதம் எடுக்கக் கூப்பிடும் அந்தக் குரல் மேடைக்குரல் அல்ல. கைதட்டலுக்கு அதில் இடமே விடப்படவில்லை. படிக்கிறவன் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது மட்டுமே அதன் கவலை. நவீன உரைநடையைப் பற்றிப் பேசும் நம்மில் எத்தனை பேர் அதை உரைநடையாகப் படித்திருக்கிறோம்?

இதில் புதுக்கவிஞர்களுக்கும் பங்கு உண்டு. மௌனம் என்ற சொல் நம் கவிதைகளில் தேநீர்க் கடையில் சர்க்கரைபோலக் கிடைக்கிறது. அந்த மௌனத்தில் யாரும் எதையும் செய்வதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதோடு சரி. அலங்கார வசனத்தை விரட்டிவிட்டு அதே நாற்காலியில் அலங்கார மௌனத்தை உட்கார வைத்திருக்கிறோம். ஊமைத்துரையின் மௌனம் ஒரு கோட்டையைக் கட்டியது.

வெல்ஷ் இன்னொன்றும் சொல்கிறார். கோட்டை விழுந்த அன்று, பிணங்களிடையே மகனைத் தேடிவந்த ஒரு தாய். மகன் சாகும் நிலையில், தன்னை விட்டுவிட்டு அருகில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொல்கிறான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிப் போகிறாள். தேடிவந்த எட்டயபுரத்து ஆட்கள் காதில் விழும்படி, வெள்ளைத் துணியால் மூடி, அம்மை வார்த்துப் போனான் என் மகன் என்று ஒப்பாரி வைக்கிறாள். வந்தவர்கள் தொற்றுக்குப் பயந்து ஓடிவிடுகிறார்கள். அவள் அழுதது பொய்யும் அல்ல. போர்வைக்குள் இருந்தது வேறொருவன் என்பதுதான்.

ஒப்பாரியை இலக்கியம் என்று ஏற்று ஆய்வுப் பட்டம் வாங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த ஒப்பாரியை யாராவது எழுதிப் பார்க்கலாம். வெல்ஷின் அந்தச் சில பக்கங்களைத் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் அடுத்த இதழுக்கு அனுப்புகிறேன்.