கலி என்னுஞ் சொல்

பேரொலி குறிக்குஞ் சொற்களாகத் தொல்காப்பியர் உரியியலில் நான்கினைத் தொகுத்தனர். கலி, கம்பலை, சும்மை, அழுங்கல் என்பன அவை. இவற்றுள் அழுங்கலுக்கு மாத்திரம் இரக்கமுங் கேடுமாகிய பொருள்களையும் உடன் வகுத்தனர். கம்பலையும் சும்மையும் இக்காலத்து நூலளவில் நின்றுவிட்டன. மதுரைக்காஞ்சி அல்லங்காடிக் கம்பலையைப் பலவேறு புட்களின் ஓசையோடு ஒப்பிடுதல் ஈண்டு நினைக்கத்தக்கது. பல குரல் ஒன்றாய்க் கலந்து எதுவும் தனித்துக் கேளாத நிலையே கம்பலை.

கலியோ வழக்கொழியவில்லை, பொருள் மாறுபட்டு மயங்குகின்றது. கலியென்றவுடன் பலர் நெஞ்சிற் படுவது கலியுகமே. அது வடசொல். தமிழ்க்கலி ஆரவாரமாம், கலித்தலென ஒலித்தலையுந் தழைத்தலையும் உணர்த்தும். ஒலி மிக்க ஊர் வளமிக்க ஊராதலின் இவ்விரு பொருளுந் தம்முள் முரணா.

ஆளுடைய பிள்ளையார் திருவாக்கில் இரண்டுங் காணப்படும். கோயிற்பதிகத் தொடக்கத்தில், வேள்வித்தீ வளர்ப்போராகிய தில்லைவாழந்தணர் கலியை அணுகவொட்டாது வென்றவராகப் போற்றப்படுகின்றனர். இங்கே ஒலியென்று பொருள் கொள்ளின், மறையொலியால் ஊரை நிறைப்போர் அவ்வொலியையே அழித்தாரென முடியும். அது பொருந்தாது. வறுமையென்றாதல் கலிக்கொடுமையென்றாதல் கொள்ளுதலே முறை. சீகாழிப் பதிகமொன்றிலோ 'கலிக்காழி' என்னும் ஆட்சி மீண்டும் மீண்டும் வருகின்றது. அவ்விடத்துக் கலியுகத்தைப் புகுத்துவோர் பிள்ளையார் தாம் அவதரித்த பதியையே இகழ்ந்தாரென்னும் பழியைச் சுமத்துவோராவர். ஆரவாரமுடைய காழியென்பதே நேரிய பொருள்.

இவ்விரு பதிகங்களும் முதற்றிருமுறையிலேயே உள்ளன. திருமுறை வகுத்த நம்பியாண்டார் நம்பி தோன்றிய திருநாரையூர், தில்லைக்கு மேற்கே குமராட்சிப் பகுதியில் உள்ளது. பொருள்நோக்கின்றிப் பதிகத்தை இசையளவில் ஓதுவார்க்கு இம்மயக்கம் தோன்றாது. உரை சொல்லப் புகுவார்க்கே தோன்றும். ஓரிடத்து உரையை மற்றோரிடத்துக்குப் பெயர்த்தெழுதும் வழக்கமே இதற்குக் காரணம்.

கலிக்காமர், கலிக்கம்பர் முதலிய நாயன்மார் பெயர்களையும் சிலர் இவ்வழக்கிற்குச் சான்றாக இழுப்பர். இயற்பெயர்க்குக் காரணங் காண்டல் அரிது; அவற்றை விடுத்தலே நன்று.

சித்தாந்த நெறியில் ஒலி இகழ்ச்சிக்குரியதன்று. கூத்தப்பெருமான் கைத்துடியினின்று படைப்பு நிகழுமென உண்மை விளக்கம் கூறும். அதனை அருளிய மனவாசகங் கடந்தாரும் இந்நாட்டுத் திருவதிகையினரே. ஆகலின் திருமுறைப் பதிப்பின் அருஞ்சொற்பட்டியில் கலியை ஒரே சொல்லாக்கிப் பொருள்களை அடுக்காது, ஆரவாரம் ஒன்றாகவும் வறுமை, கலியுகம் என்பன வேறாகவும் பிரித்து, பாட்டெண்ணும் உடன் குறித்தல் வேண்டும்.