அடுத்த இதழ் வரை: தொடர்கதை உத்தியின் வலிமையும் வரம்பும்

வாசகரின் கவனத்தை ஈர்த்து, ஈர்த்த கவனத்தைப் பல மாதங்கள் நழுவவிடாமல் வைத்திருக்கத் தமிழ் இதழ்கள் கையாண்ட வழிகளுள் தலையாயது தொடர்கதை ஆகும். ஒரு நெடுங்கதையை அத்தியாயங்களாகப் பகுத்து, ஒவ்வோர் அத்தியாயத்தின் இறுதியிலும் விடை தெரியாத வினா ஒன்றை நிறுத்தி, 'தொடரும்' என்று முடிப்பது இதன் அடிப்படை உத்தி. பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராகவே வந்தது என்றாலும், வாரந்தோறும் காத்திருந்து படிப்பதைக் குடும்பப் பழக்கமாக ஆக்கியவை 'ஆனந்த விகடன்', 'கல்கி' போன்ற வார இதழ்களே. தொடரின் பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து அடுக்கிவைத்து, முடிந்த பின் பைண்டு செய்து, மறுபக்கத்து விளம்பரங்களோடு சேர்த்தே பாதுகாத்த வீடுகள் பல உண்டு. அத்தகைய பற்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நேர்மையான மதிப்பீடு ஆகாது.

இவ்வுத்தியின் வலிமையைக் காண, 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் 'கல்கி' இதழில் மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்த, எழுத்தாளர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் தொடக்க அத்தியாயங்களே போதும். சோழ நாட்டுச் சிற்றரசர் பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு கடம்பூர் மாளிகைக்கு ஒரு மூடுபல்லக்கு வருகிறது. அதற்குள் இருப்பவள் அவருடைய இளைய ராணி நந்தினி என்று கதைமாந்தரும் வாசகரும் நம்பியிருக்க, நடுநிசிச் சதிக்கூட்டத்தில் அப்பல்லக்கிலிருந்து இளவரசன் மதுராந்தகன் இறங்குகிறான். 'பல்லக்கில் யார்?' என்றே தலைப்பிட்ட அத்தியாயத்தில் அந்த வினாவுக்கு விடை கிடைத்துவிடுகிறது. ஆயினும் ஆவல் அங்கே தணிவதில்லை. ஏனெனில் அக்கூட்டத்தை மறைந்திருந்து கண்ட கதைநாயகன் வந்தியத்தேவனின் குதிரையும் தஞ்சைக்குச் செல்லும் வழியில் பழுவூர்ப் பல்லக்கும் மோதிக்கொள்ளும்போது, உள்ளே இருப்பவன் மதுராந்தகன் என்று அவன் உறுதியாக எண்ணியிருக்க, திரையை விலக்கிப் பார்ப்பவள் நந்தினியாக இருக்கிறாள். முதல் வினாவின் விடையே இரண்டாவது வியப்புக்கு வித்தாகிவிடுகிறது. கல்கி இங்கே வாசகரை ஏமாற்றவில்லை. சொன்ன செய்தி அனைத்தும் உண்மை, அச்செய்தியைக் கொண்டு வாசகர் தாமாகச் செய்துகொண்ட ஊகம் மட்டுமே பிழை. சதியின் அளவு, நந்தினியின் ஆற்றல், வந்தியத்தேவனின் அவசர புத்தி ஆகிய மூன்றும் இந்த ஒரு பல்லக்கின் வழியாகப் புலப்படுவதால், ஆவலைத் தூண்டும் வேலையும் பாத்திரங்களை உருவாக்கும் வேலையும் ஒன்றாகவே நடந்தேறுகின்றன. தொடர்கதை உத்தி எட்டக்கூடிய உயரம் இதுவே எனலாம்.

இதே நாவலில் அவ்வுத்தியின் தேய்மானத்தையும் காணலாம். வாரந்தோறும் ஒரு திருப்பம் வேண்டும் என்ற கட்டாயம், ஒட்டுக்கேட்டலையும் சுரங்கப்பாதையையும் தற்செயலான சந்திப்பையும் மீண்டும் மீண்டும் நாட வைக்கிறது. கடம்பூரில் வந்தியத்தேவன் சதியை மறைந்திருந்து அறிகிறான். திருப்புறம்பியத்தில் ஒற்றன் ஆழ்வார்க்கடியான் ஒளிந்திருந்து வேறொரு சதியைக் கேட்கிறான். முதல் முறை நெஞ்சு படபடக்கிறது. பல முறை நிகழ்ந்த பின், எந்த இரகசியப் பேச்சானாலும் தூணுக்குப் பின்னால் யாரேனும் நிற்பார் என்று வாசகரே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சென்ற வாரங்களின் நிகழ்ச்சிகளை நினைவூட்டும் பகுதிகள் இதழில் படித்தவருக்கு உதவியாக இருந்திருக்கும். நூலாகத் தொடர்ந்து படிப்பவருக்கு அவை தடை.

இவற்றினும் ஆழமான குறை, திருத்தம் இயலாமை. நூலாக எழுதுபவர் கடைசி அத்தியாயத்தை முடித்த பின் முதல் அத்தியாயத்தை மாற்றலாம். தொடர் எழுதுபவரின் முதல் அத்தியாயமோ, கடைசி அத்தியாயம் மனத்தில் முழு உருப்பெறுவதற்கு முன்பே ஆயிரக்கணக்கான வீடுகளைச் சென்றடைந்துவிட்டது. க. நா. சுப்ரமண்யம் போன்ற விமர்சகர்கள் வார இதழ்த் தொடர்கதைகளைத் தாழ்வாக மதிப்பிட்டதை முழுவதும் ஏற்க முடியாவிடினும், இவ்வகை எழுத்தில் வடிவ ஒழுங்கு சிதைவதற்கான காரணத்தை இங்கே தேடுவது பொருந்தும்.

வாக்களித்த விடையை எப்போது, எப்படி அளிப்பது என்பதே இவ்வுத்திக்கு உரிய இறுதிச் சோதனை. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினாவை நோக்கி ஐந்து பாகங்களும் நகர்கின்றன. வரலாற்றிலும் நிகழ்ந்த இக்கொலைக்கு உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன் முதலியோரைக் குற்றவாளிகளாகக் குறிப்பிடுகிறது. கல்கியோ கொலை நிகழும் கணத்தை இருளில் வைத்து, குற்றத்தைப் பலர்மீதும் படரவிடுகிறார். அக்கொலைக்குப் பின்னிருந்தவர்கள் குறித்து வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு நீடிப்பதால் இத்தயக்கத்தைப் பொறுப்புணர்வு எனக் கொள்வது தகும். கதையின் முடிவில் எஞ்சிய ஐயங்களுக்கு அவர் தனியே ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சொல்ல நேர்ந்தது மட்டும் வேறு வகையைச் சேர்ந்தது. பல்லக்கின் திரையை விலக்கி விடையளித்த அதே கலைஞர், இங்கே கதைக்கு வெளியே வந்து விளக்கம் தருகிறார். எழுப்பிய வினாக்கள் அனைத்தையும் கதைக்குள்ளேயே தீர்த்துவைக்க, மூன்றரை ஆண்டு நீண்ட தொடருக்கும் இடம் போதவில்லை.