‘இடைவிலகல்’: ஒரு சொல்லின் மறைப்பு

மலையகக் கல்வி பற்றிய கட்டுரைகளிற் பெருவழக்குப் பெற்ற சொற்களுள் ‘இடைவிலகல்’ என்பதும் ஒன்று. பாடசாலையிற் சேர்ந்த பிள்ளை, படிப்பை முடிக்காது நின்றுவிடுவதை அது குறிக்கின்றது. விலகுதல் தன்வினை, விலக்குதல் பிறவினை. தன்வினையாகச் சொல்லும்போது பிள்ளையே எழுவாயாகிவிடுகின்றது. விலக்கியவர் எவர் என்னும் வினாவுக்கு இடமே இல்லாது போகின்றது. கண்டியையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் பொறுத்தவரை, இச்சொல் ஒரு வரலாற்றையே மறைத்து நிற்கின்றது என்பது எமது கருத்து.

அகதி என்றதும் எல்லை கடந்து வந்தவரையே எண்ணப் பழகிவிட்டோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமோ, பிறந்த லயத்தைவிட்டு ஓரடியும் நகராத குழந்தையை அந்நியனாக்கிற்று. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி ஏனையோருக்குத் திறந்த கதவு தோட்டப் பாடசாலைகளுக்குத் திறக்கவில்லை. 1970களில் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை அவை பெரும்பாலும் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. இக்கணக்குகள் பலராலும் எடுத்தாளப்பட்டவை. காத்திருப்பின் கணக்கைத்தான் எவரும் எழுதவில்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்திலிருந்து கடவுச்சீட்டு எப்போது கிடைக்கும், பயணம் எந்த மாதம் என்று அறியாத குடும்பம், பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் இடம் தேடி எந்த நகரப் பாடசாலையின் படியேறும்? புகையிரதமேறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பின் மண்டபம் முகாம் எனச் சென்ற பிள்ளையின் பெயர் இங்கு இடாப்பிலிருந்து வெட்டப்பட்டது. 1984இற் கப்பற் சேவை நின்றபோது, கடவுச்சீட்டுடனேயே தங்கிவிட்டோரும் உளர். 1977ஆம் ஆண்டு வன்செயலால் வன்னிக்கு ஓடி, கென்ற், டொலர் பண்ணைகளிற் குடியேறியோர் 1984இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டனர். இவர்களின் பிள்ளைகளையும் ‘இடைவிலகியோர்’ என்றே எண்ணுவதா?

வறுமையே காரணம் என்பார் உளர். கொழுந்து பறிக்கவும் தம்பி தங்கையரைப் பார்க்கவும் பிள்ளைகள் நிறுத்தப்பட்டமை உண்மையே. எனினும் வறுமை இந்நாட்டின் கிராமங்களெங்கும் இருந்தது. நாடின்மை ஒரு சாராருக்கே விதிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது அரசியலைப் பொருளாதாரத்துள் ஒளித்துவைப்பதாகும்.

உதவியின் தன்மையும் இக்குழப்பத்தையே பின்பற்றிற்று. ஆண்டுதோறும் அப்பியாசக் கொப்பிகளும் பைகளும் வழங்கப்படுகின்றன. (வழங்குவோர் புகைப்படங்களில் தவறாது நடுவில் நிற்பர்.) கொப்பியை வேண்டாமென்பார் இல்லை. ஆயினும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் நிலையான ஆசிரியரும் இல்லாத பிள்ளைக்கு அக்கொப்பி எத்தனை நாளைக்கு? தமிழகத்தில் 1984இல் எஸ். சி. சந்திரகாசன் தோற்றுவித்த ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் அணுகுமுறை இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது. முகாம்களில் வாழ்ந்த ஏதிலியரையே ஆசிரியராக்கி, முகாமுக்குள்ளேயே கற்பித்தலை நடத்தியது அக்கழகம். 1991இன் பின் அங்கும் கல்விச் சலுகைகள் தடைப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தே மீண்டன என்பது, அரசின் ஆணைக்கு முன் நல்லெண்ணம் எத்துணை வலுவற்றது என்பதைக் காட்டுகின்றது.

1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் இங்கு எஞ்சியோரின் நாடின்மையைப் பெரிதும் தீர்த்துவிட்டன. தமிழக முகாம்களிற் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கோ இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தமும் வழிவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் ஆரம்பக் கல்வியிற் குடிமக்களுக்குச் சமமான இடத்தை அகதிப் பிள்ளைக்கு அளிக்கின்றது. அதில் இலங்கையும் இந்தியாவும் இணையவில்லை.

பேராதனை வளாகத்துக்கு மேலே அந்தானைத் தோட்டம் தெரிகின்றது. ஆய்வு மாணவர் தோட்டப் பாடசாலைகளிற் பழைய வரவு இடாப்புகள் எஞ்சியிருப்பின் அவற்றைத் தேடிப் படியெடுக்கலாம். வெட்டப்பட்ட பெயர்களுக்கு எதிரே எழுதப்படாத காரணங்களைச் சொல்லக்கூடிய முதியோர் லயங்களில் இன்னும் இருக்கின்றனர்.