மலை ஏறிய கற்கள்

சிரிப்புப் படம் என்று பெயர் வாங்கிவிட்ட படத்தைப் பற்றி அப்புறம் யாரும் யோசிப்பதில்லை. சிரித்தோம், வீட்டுக்கு வந்தோம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம் என்று விஷயம் முடிந்துவிடுகிறது. 1954-ல் ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். கம்பெனி எடுத்த 'தி லாங், லாங் டிரெய்லர்' என்ற படத்துக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. டைரக்ட் செய்தவர் வின்சென்ட் மின்னெல்லி. நடித்தவர்கள் லூசில் பாலும் அவருடைய கணவர் டெஸி ஆர்னாஸும். வீட்டில் உட்கார்ந்தபடியே டெலிவிஷனில் பார்க்கக் கிடைத்த ஜோடியைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள் என்று ஸ்டூடியோவில் சந்தேகப்பட்டார்களாம். ஜனங்கள் வந்தார்கள், சிரித்தார்கள். எழுபது வருஷங்களுக்குப் பிறகு பார்க்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. ஓர் இடத்தில் மட்டும் வரவில்லை. படத்தில் எல்லோரும் மிகவும் சிரிக்கிற இடம் அது.

டிரெய்லர் என்றதும் சரக்கு லாரிக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வரும் பெட்டியை வாசகர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. இது வீடு. படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளே இருக்கின்றன. கீழே சக்கரம், முன்னால் கொக்கி. காரின் பின்புறம் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம் கடுமையாக இருந்தபோது எத்தனையோ குடும்பங்கள் இதில் குடித்தனம் நடத்தின. படத்தில் வருவது 'நியூ மூன்' என்ற மாதிரி. நீளம் 36 அடி. அன்றைய விலை 5,345 டாலர்.

கதாநாயகன் நிக்கி வேலை நிமித்தமாக ஊர் ஊராகப் போக வேண்டிய இஞ்சினீயர். கல்யாணத்துக்கு முன்பே டேஸி அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: ஊருக்கு ஊர் வாடகை கொடுப்பானேன், போகிற இடத்துக்கு நம் வீடும் வந்துவிட்டுப் போகட்டுமே! கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னதாக ஒன்று பார்க்கப் போனவர்கள் பெரியதை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதை இழுக்கத் தெம்புள்ள கார் வேண்டும், கொக்கி வேண்டும், தனியாக பிரேக் வேண்டும். ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கும் பாகனுக்கும் அலைந்த கதைதான்.

இந்தப் படத்தை எடுத்தவர்கள் டிரெய்லரை மதித்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு காரைப் பின்னோக்கி விடும்போது சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பினால் டிரெய்லர் எதிர்ப் பக்கம் போகும். நிறுத்தும்போது முதலில் டிரெய்லரின் பிரேக்கை நினைக்க வேண்டும். மறந்தால் பின்னால் வரும் வீடு காரை நெட்டித் தள்ளிவிடும். இந்தச் சங்கடங்களையெல்லாம் ஒன்று விடாமல் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். டேஸியின் உறவினர் வீட்டு வாசலில் நிக்கி படும் பாட்டில் பாதி சிரிப்பு இந்த இயந்திர நியாயத்திலிருந்து பிறப்பதுதான். ஓடும் டிரெய்லருக்குள் அவள் விருந்து சமைக்கிற கட்டம் பிரசித்தம். என்றாலும் அதை லூசில் பாலின் திறமைக்காக அமைத்த சர்க்கஸ் என்றே சொல்வேன். மாவு பறக்கிறது, சட்டி உருள்கிறது, அவ்வளவுதான்.

காட்டுப்பாதை இரவு வேறு ரகம். முதல் இரவு டிரெய்லர்களுக்கென்றே உள்ள முகாமில் தங்குகிறார்கள். அங்கே அக்கம்பக்கத்தாரின் அன்பு தாங்க முடியவில்லை. உதவி செய்கிறேன் என்று வீடு நிறைய ஆள். புதுத் தம்பதிகளுக்குத் தனிமையே கிடைக்கவில்லை. ஆகவே அடுத்தபடியாக, மனித சஞ்சாரமில்லாத இடத்தில் தங்க வேண்டும் என்று டேஸிக்கு ஆசை. நல்ல ரோட்டை விட்டு, மரம் வெட்டுகிறவர்களின் லாரிகளுக்காகப் போட்ட மண்பாதையில் திரும்புகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது. சேற்றில் சக்கரம் புதைகிறது. வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது.

நாவலாசிரியர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும். டிரெய்லர்க்காரர்கள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் செய்கிற முதல் காரியம் ரசமட்டம் வைத்துப் பார்ப்பது. தரை சரிவாயிருந்தால் தாழ்ந்த சக்கரத்தின் கீழ்ப் பலகை வைத்து உயர்த்துவார்கள். அது செய்ய முடியாமற்போனால் என்ன ஆகும்? கட்டில் இருக்கிறது, படுக்க முடியாது. அடுப்பு இருக்கிறது, பாத்திரம் நிற்காது. சொந்த வீடு முழுசாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு சாமானும் உபயோகப்படாது. கல்யாணமான புதிதில் எத்தனையோ வீடுகளில் நடப்பது இதுதானே? மின்னெல்லி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வைக்கவில்லை. டேஸி கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறாள். நேரே சேற்றில் போய் விழுகிறாள். (இன்று கரடுமுரடான மலைப்பாதைக்கு என்றே உயர்ந்த சக்கரமும் உறுதியான வில்லுமாகச் சிறிய டிரெய்லர்கள் செய்கிறார்கள். சனி, ஞாயிறு அவற்றை இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி நிச்சயம் அடிவயிற்றைக் கலக்கும்.)

இனி அந்தக் கற்கள். போகிற வழியில் தங்கிய இடங்களின் நினைவாக டேஸி கல் பொறுக்குகிறாள். சின்னக் கூழாங்கற்களோடு நிற்கவில்லை. கைக்கடங்காத கற்களும் சேர்கின்றன. பழங்களைப் பதம் செய்து கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வேறு வைக்கிறாள். முன்னால் பெரிய மலை வருகிறது. எடையைக் குறைத்தாக வேண்டும், எல்லாவற்றையும் எறிந்துவிடு என்கிறான் நிக்கி. அவளுக்கு மனம் வரவில்லை. ஒளித்து வைக்கிறாள். கார் மலையேறுகிறது. கதைப்படி அவர்கள் போவது கொலராடோவுக்கு. காமிரா ஏறியதோ கலிபோர்னியாவில் விட்னி சிகரத்தை நோக்கிப் போகும் பாதை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பயத்தை மறைக்க இருவரும் என்னென்னவோ பேசிக்கொண்டே போகிறார்கள். பின்னால் வீட்டுக்குள் கற்கள் உருளுகின்றன. கடைசியில் அவன் கண்டுபிடிக்கிறான். கற்களையெல்லாம் எடுத்துப் பள்ளத்தில் எறிகிறான். கொட்டகை சிரிக்கிறது.

நிக்கி சொன்னது தப்பு என்று நான் வாதாட வரவில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை காரின் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது கணக்கு. உள்ளே இருக்கும் பாரம் பின்பக்கமாகச் சரிந்தால் அந்த அழுத்தம் குறைந்து, வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். மலைப்பாதையில் அது உயிருக்கு ஆபத்து. அவள் ஒளித்ததும் குற்றந்தான். ஆனால் 36 அடி வீட்டை மலைமேல் இழுக்கத் துணிந்த இருவரில், கல் பொறுக்கியவள் மட்டும் எப்படி அசடானாள்?

இந்த இடத்தில் ஜான் ஸ்டைன்பெக்கின் ஞாபகம் வருகிறது. 1960-ல் அவர் ஒரு லாரியின் முதுகில் சின்ன வீட்டை ஏற்றி, டான் க்விக்ஸோட்டின் குதிரைப் பெயரை அதற்கு வைத்து, சார்லி என்ற நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். 1962-ல் புத்தகமாக எழுதினார். தேவைக்கு மேல் பல மடங்கு சாமான் ஏற்றியதாக அவரே சொல்லுகிறார். அதில் படிக்க வேண்டும் என்று நினைத்துப் படிக்காமலே விட்ட புத்தகங்கள் மட்டும் 150 பவுண்டு! வாசகர்கள் புன்னகையோடு அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். பெரிய எழுத்தாளரின் பலவீனம். அதிலும் ஓர் அழகு. 150 பவுண்டு புத்தகமும் 150 பவுண்டு கல்லும் தராசில் ஒன்றுதான். எழுத்தாளனாகிய எனக்குப் புத்தகத்தின் பக்கம் சாய ஆசைதான், ஆனால் படிக்காத புத்தகம் என்பதால் கை நடுங்குகிறது. டேஸியாவது கல்லைத் தன் கையால் பொறுக்கினாள். மாற்றலாகிப் போகும்போது அம்மிக்கல்லை வண்டியில் ஏற்றியே தீரவேண்டும் என்று நின்ற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்த அம்மியில் தான் மிதித்தது அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

திரைக்கதை எழுதிய ஆல்பர்ட் ஹாக்கெட்டும் பிரான்சஸ் குட்ரிச்சும் கணவன் மனைவி. கிளின்டன் ட்விஸ் 1951-ல் எழுதிய நாவலை எடுத்துக்கொண்டு செய்தார்கள். அடுத்த வருஷம், 1955-ல், ஆன் ஃபிராங்கின் டயரியை நாடகமாக்கியவர்களும் இவர்களே. ஒடுங்கிய அறையில் மனிதர்கள் எதைப் பிடித்துவைத்துக்கொள்வார்கள், எதற்காகச் சண்டையிடுவார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்கள்கூட மலையுச்சியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். சண்டை முற்றுகிறது, பிரிகிற அளவுக்கு வருகிறது. அப்புறம் மழை கொட்டுகிறது. இரண்டொரு சொல், ஒரு தழுவல், படம் முடிந்துவிட்டது. கற்களைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. அவன் எறிந்தது எதை என்று அவனுக்குத் தெரிந்ததா என்பதற்கு அடையாளம் இல்லை. மழையைப் போட்டுக் கதையை முடிப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. எழுதுகிறவன் களைத்துப் போனான் என்று அர்த்தம்.

லூசில் பால் மட்டும் களைக்கவில்லை. மலையேறும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். வாய் பேசிக்கொண்டிருக்கிறது, காது பின்னால் உருளும் கற்களிடம் இருக்கிறது. பாதாளத்தைப் பார்க்கும் பயம் ஒன்று, கண்டுபிடித்துவிடுவானோ என்ற பயம் ஒன்று. இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறார். நிஜ வாழ்க்கையில் அந்தத் தம்பதிகள் 1960-ல் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். படத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது அநாகரிகம். ஆனாலும் அந்தக் காரின் முன்சீட்டில் அவர்கள் இருவரும் விடாமல் பேசிக்கொண்டே போவதை இரண்டாம் முறை பார்த்தபோது, சத்தத்தைக் குறைத்துவிட்டு முகங்களை மட்டும் பார்த்தேன்.