ஸ்டோவின் மடிப்பு

டாட்ஃபைல் என்று பேச்செடுத்தால் இப்போது எல்லோரும் ஷேமுவாவின் டெம்ப்ளேட்டைத்தான் புகழ்கிறார்கள். இன்னும் மெனக்கெடுகிறவர்கள் நிக்ஸ் ஹோம் மேனேஜர் வரைக்கும் போகிறார்கள். ஸ்டோ என்றால், "அது வெறும் சிம்லிங்க் போடுகிற பெர்ல் ஸ்கிரிப்ட்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த 'வெறும்'தான் எனக்கு ஆறவில்லை. 2012-லிருந்து ஸ்டோவோடு இருக்கிறேன். அதன் மடிப்பை ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்தவர் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்.

புது மெஷின். ஹோம் டைரக்டரியில் இன்னும் டாட் கான்ஃபிக்கூட உருவாகவில்லை. என் டாட்ஃபைல் ரெப்போவை இறக்கி, உள்ளே போய், 'ஸ்டோ நியோவிம்' என்று அடிக்கிறேன். அவசரத்துக்கு நாமே எழுதுகிற ஸ்கிரிப்டாக இருந்தால் டாட் கான்ஃபிக்கை உண்டாக்கி, அதற்குள் என்விம் டைரக்டரியை உண்டாக்கி, கோப்புக்கு ஒன்றாக இருபது முப்பது லிங்க்குகளை அடுக்கியிருக்கும். ஸ்டோ ஒரே ஒரு லிங்க் போடுகிறது. டாட் கான்ஃபிக்கே அந்த லிங்க். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பேக்கேஜுக்குச் சொந்தம் என்றால் வாசலில் ஒரு லிங்க் போதும் என்பது அதன் கணக்கு. மடிப்பு என்பது இதுதான்.

அடுத்து 'ஸ்டோ டிமக்ஸ்'. இதற்கும் டாட் கான்ஃபிக்குள் இடம் வேண்டும். அங்கேயோ ஏற்கெனவே நியோவிம் குடியிருக்கிறது. ஸ்டோ என்ன செய்கிறது பாருங்கள்: அந்த லிங்க் தான் போட்டதுதானா என்று பார்க்கிறது, ஆம் என்றதும் எடுத்துவிட்டு அதே இடத்தில் நிஜ டைரக்டரியை வைக்கிறது, அதற்குள் என்விம்முக்கு ஒரு லிங்க், டிமக்ஸுக்கு ஒரு லிங்க். ஒரு குடும்பம் மட்டும் இருக்கும்வரை வாசலுக்கு ஒரே பூட்டு. இன்னொரு குடித்தனம் வந்ததும் அறைக்கு அறை பூட்டு. டிமக்ஸை 'மைனஸ் டி' கொடுத்து வெளியே அனுப்பினால் அறைப் பூட்டுகள் போய் மறுபடி வாசல் பூட்டு வந்துவிடும். திறந்த மடிப்பு தானாக மூடிக்கொள்கிற அந்த இடத்தை எத்தனையோ தடவை, தேவையே இல்லாமல், செய்து பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஸ்டோ எங்கேயாவது கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறதா என்றால், இல்லை. எந்த லிங்க் எப்போது போட்டது, எந்த பேக்கேஜ் எங்கே இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதிவைப்பதில்லை. ஒரு லிங்க்கைப் பார்க்கிறது. அது தன் டைரக்டரிக்குள் போய் முடிந்தால் தன்னுடையது, இல்லாவிட்டால் இல்லை. தன்னுடையது அல்லாததைத் தொடாது. கார்னகி மெலனில் டெப்போ என்று ஒரு புரோகிராம் இருந்தது. ஸ்டோவுக்கு முன்மாதிரி அதுதான். அது டேட்டாபேஸ் வைத்துக்கொண்டது. டேட்டாபேஸ் ஒன்று சொல்லி டிஸ்க் வேறொன்று சொன்னால் டைரக்டரிகள் சிதைந்துபோகிற ஆபத்தும் கூடவே இருந்தது. 1993-ல் பாப் கிளிக்ஸ்டீன் ஸ்டோவை எழுதத் தொடங்கியபோது அந்தப் புத்தகத்தையே தூக்கிப் போட்டார். டிஸ்க்கில் இருப்பதுதான் உண்மை, அதைப் பார்த்தாலே போதும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதை நான் பெரிய ரசனை என்பேன்.

அவர் எழுதியது டாட்ஃபைலுக்காக அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். யுஎஸ்ஆர் லோக்கலில் கம்பைல் செய்து போடுகிற சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பதற்காக எழுதினார். அதை ஹோம் டைரக்டரிக்குக் கொண்டுவந்தவர்கள் பிறகு வந்தவர்கள். பிராண்டன் இன்வெர்கோ 2012-ல் அதை விளக்கி எழுதினார். நானும் அந்த வருடம்தான் பிடித்துக்கொண்டேன். அதற்குள் 2.0 பதிப்பும் வந்திருந்தது. செய்யவேண்டியதை முதலில் முழுக்கத் திட்டமிட்டு, எங்காவது ஒரு இடத்தில் மோதினால் எதையுமே செய்யாமல் நின்றுவிடும் முறை அதில் வந்தது. பாதி வேலை செய்துவிட்டு நடுவில் கைவிடுகிற பழக்கம் அதற்குக் கிடையாது.

டெம்ப்ளேட் அன்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. டாம் பெய்ன் செய்த ஷேமுவா நல்ல கருவிதான். விண்டோஸிலும் வேலை செய்கிறது, பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து ரகசியங்களை எடுத்து வைக்கிறது. ஆனால் ஜிட்கான்ஃபிக்கைத் திறந்தால் பாதி வரி ஜிட்டுடையதாகவும் பாதி வரி இரட்டை அடைப்புக்குறிக்குள் 'இது ஆபீஸ் மெஷினா' என்று கேட்கும் கேள்வியாகவும் இருந்தால், அது ஜிட்டுக்கான கோப்பு இல்லை. ஜிட்டுக்கான கோப்பைச் செய்யத் தரும் குறிப்பு. எடிட்டரில் திறந்து அப்படியே படிக்க முடியாத கோப்பை என் கோப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மெஷினுக்கு மெஷின் வேறுபாடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். என் ஜிட்கான்ஃபிக்கின் கடைசியில் ஒரு 'இன்க்ளூட்'. அது ஹோம் டைரக்டரியில் 'ஜிட்கான்ஃபிக் டாட் லோக்கல்' என்ற கோப்பைக் கூப்பிடுகிறது. அந்தக் கோப்பு ரெப்போவில் கிடையாது. ஆபீஸ் மெஷினில் இருக்கிறது, அதில் ஆபீஸ் மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. வீட்டில் இல்லை; இல்லாவிட்டால் ஜிட் முணுமுணுக்காமல் தாண்டிப் போகும். 2017-ல் 2.13 பதிப்போடு 'இன்க்ளூட்இஃப்' வந்தபின் டைரக்டரியைப் பொறுத்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்குக்கு 7.3-லிருந்தே 'இன்க்ளூட்' உண்டு. பாஷுக்கு 'சோர்ஸ்' போதும். வேறுபாட்டைச் சொல்ல அந்தந்த புரோகிராமுக்கே வாய் இருக்கும்போது நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் எதற்கு?

ஜிட்டின் 'பேர்' (bare) ரெப்போவை ஹோம் டைரக்டரி மேலேயே விரித்து வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்கள் சிக்கனமானவர்கள். ஆனால் எல்லாம் ஒரே குவியல். சர்வரில் விம்மும் பாஷும் மட்டும் போதும், மற்றவை வேண்டாம் என்றால் அந்த வழியில் கஷ்டம். ஸ்டோவில் அது ஒரே கமாண்ட்.

குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. சில புரோகிராம்கள் தங்கள் கான்ஃபிக்கைச் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி அதைப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். நம் லிங்க் போய் அங்கே சாதாரணக் கோப்பு உட்கார்ந்திருக்கும். அதற்கு 'அடாப்ட்' இருக்கிறது. வெளியே நிற்கும் கோப்பை ரெப்போவுக்குள் தத்தெடுத்து, இடத்தில் லிங்க்கைப் போட்டுவிடும். பிறகு 'ஜிட் டிஃப்' பார்த்து, வேண்டிய வரியை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளலாம்.

மடிப்பிலும் ஒரு பள்ளம் உண்டு, விழுந்திருக்கிறேன். டாட் கான்ஃபிக் முழுவதும் ஒரே லிங்க்காக மடிந்திருந்த ஒரு நாளில், வேறொரு புரோகிராம் தன் லாகின் டோக்கனை அதற்குள் எழுதியது. மடிப்பு வழியாக அது நேரே நியோவிம் பேக்கேஜுக்குள் போய் விழுந்தது. நான் பார்க்காமல் 'ஜிட் ஆட்' செய்து பொது ரெப்போவுக்குத் தள்ளிவிட்டேன். அன்றிரவே டோக்கனை ரத்து செய்தேன். 'நோ ஃபோல்டிங்' போட்டு மடிப்பையே நிறுத்திவிடு என்று நண்பர்கள் சொன்னார்கள். அதற்கு மனம் ஒப்பவில்லை. ஸ்டோவை ஓட்டுவதற்கு முன் டாட் கான்ஃபிக், டாட் எஸ்எஸ்ஹெச், டாட் லோக்கல் மூன்றையும் 'எம்கேடிர்' செய்துவிடுகிறேன். பொதுவான இடத்தில் மடிப்பு விழாது. என்விம், டிமக்ஸ் என்று அவரவர் அறைக்குள் மட்டும் விழும். விழவேண்டிய இடமும் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் இருந்தார். பென்டிரைவில் ஒரு விம்ஆர்சி, ஒரு ஸ்கிரீன்ஆர்சி, ஒரு பாஷ்ஆர்சி வைத்திருப்பார். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் முதலில் அந்த மூன்றும் ஏறும். அவருடைய விம்ஆர்சியில் ஒவ்வொரு வரிக்கு மேலும் ஒரு கமென்ட்: தேதி, காரணம். ராத்திரி ஷிஃப்டில் பேஸ்ட் செய்யும்போது இன்டென்ட் கலைந்தது, அதனால் இந்த வரி. இன்ன சர்வரில் பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை, அதனால் இந்த வரி. "காப்பி பண்ணிக்கோப்பா, ஆனா ஒவ்வொரு வரியும் எதுக்குன்னு கேட்டுட்டுப் பண்ணு" என்றார். ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டேன். எனக்கு விம் வந்தது அந்த மத்தியானத்தில்தான்.

இப்போது பார்க்கிற ரெப்போக்களில் அந்தக் கமென்ட்டுகளைக் காணோம். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, கலர் தீம் இருக்கிறது, ஒரே கமாண்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடும் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆயிரம் வரி கான்ஃபிக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டவரிடம் நடுவில் ஒரு வரியைக் காட்டி எதற்கென்று கேட்டால் விழிக்கிறார். ஏஐ எழுதித் தருவதில் கமென்ட் இருக்கிறது, ஆனால் அது அந்த வரி என்ன செய்கிறது என்று சொல்கிறது. உங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?

என்னிடம் 'எழுத்துரு' என்று ஒரு பேக்கேஜ் உண்டு. உள்ளே ஒரே கோப்பு, ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப். தமிழ் வரும் இடத்தில் நோட்டோ செரிஃப் தமிழை முன்னால் நிறுத்துகிற சில வரிகள். மேலே ஒரு கமென்ட்: "முன்பிருந்த எழுத்துருவில் 'ர'வுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மெய்ப்புப் பார்க்கும்போது தப்பு விட்டுப்போகிறது." நான்கு மெஷின்களிலும் அந்தக் கோப்பு ஒன்றுதான். புது மெஷினில் 'ஸ்டோ எழுத்துரு' என்று அடித்து, பிரவுசரை மூடித் திறந்தால், தமிழ் எனக்குப் பழகிய முகத்தோடு வந்து நிற்கும்.

வேறு கருவிக்கு மாறத் தீர்மானித்திருந்தால் மாறுங்கள். அதற்கு முன் ஒரு பத்து நிமிடம் எனக்காக: காலி டைரக்டரி ஒன்றை இலக்காக 'மைனஸ் டீ'யில் கொடுங்கள். ஒரே பெயரில் உள் டைரக்டரி கொண்ட இரண்டு பேக்கேஜ்களைச் செய்துகொள்ளுங்கள். முதலாவதை ஸ்டோ செய்து 'எல்எஸ் மைனஸ் எல்' பாருங்கள். இரண்டாவதைச் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு இரண்டாவதை எடுத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.