ஸ்கெட்ச் புத்தகம் யாருக்காக?

ஓவியம் படிக்கிறவர்கள் ஸ்கெட்ச் புத்தகம் வைத்திருப்பது பழைய வழக்கம். இப்போ பல இடங்களில் அதோட 'ஏன் வரைந்தேன், என்ன கற்றேன்'னும் எழுதச் சொல்றாங்க. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. சிக்கல் அங்கேதான். மார்க் போடுகிறவர் படிப்பார் என்று தெரிந்தால், மாணவர் தன் தடுமாற்றத்தை எழுதுவாரா, அவருக்குப் பிடித்ததை எழுதுவாரா?

இரண்டு பழைய உதாரணங்களைப் பார்க்கலாம்.

பவுல் கிளே 1898-ல் ஓவியம் படிக்க மியூனிக் போனார். 1918 வரைக்குமான அவருடைய நாட்குறிப்பை மகன் ஃபீலிக்ஸ் 1957-ல் வெளியிட்டார். படிக்க அருமையா இருக்கும். ஆனால் கிளே அதைப் பின்னாடி உட்கார்ந்து, வெட்டித் திருத்தி, எண் போட்டுப் படியெடுத்தவர். 1914 துனீசியப் பயணத்தில் நிறம் தன்னை ஆட்கொண்டதாக அவர் எழுதிய புகழ்பெற்ற பகுதியும் அந்தத் திருத்திய படியில்தான் நமக்குக் கிடைக்குது. அதில் நாம் பார்ப்பது தட்டுத்தடுமாறும் மாணவனை இல்லை. தேறிவிட்ட ஒருவர் தீட்டிக்கொண்ட சுயசித்திரம். இலக்கியமாகப் பெரிய விஷயம். மாணவருக்கு முன்மாதிரியாகக் கொடுத்தால் திசை தப்பிடும்.

அடுத்தது தெலக்ரோவா. 1832-ல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோட மொராக்கோ போனவர், வழியெல்லாம் சின்ன நோட்டுகளில் வரைந்துகொண்டே போனார். பென்சில் கோடு, கொஞ்சம் நீர்வண்ணம், பக்கத்திலேயே நிறங்களின் பெயர்கள். நிற்காமல் நகர்கிற காட்சிக்கு முன்னால் வண்ணம் குழைக்க நேரமேது? கை எட்டாத இடத்தைச் சொல் பிடித்துவைக்குது. பயணத்தின் கடைசியில் பார்த்த அல்ஜியர்ஸ், 1834-ல் பாரிஸில் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஓவியமானபோது இப்படிப்பட்ட குறிப்புகள்தான் கைகொடுத்தன. அந்தப் பக்கங்களில் எதைக் கோடாக்குவது, எதைச் சொல்லாக்குவது என்ற முடிவிலேயே சிந்தனை இருக்கு.

எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்: இன்றைக்கு எழுதிய வரி நாளைய படத்தை மாற்றுமா? 'தோள் நீண்டுபோச்சு, நிழலை முதலில் போட்டிருக்கணும்' என்ற வரி மாற்றும். 'இது என் கலைப்பயணத்தின் திருப்புமுனை' என்பது மாற்றாது. அது மார்க்குக்கு.

மார்க் இல்லைன்னா யாரும் புத்தகமே வைக்க மாட்டாங்கன்னு ஆசிரியர்கள் சொல்லலாம். நியாயம்தான். அப்படின்னா வரைந்த பக்கங்களுக்கு மார்க் போடுங்க, வாக்கியங்களுக்கு வேண்டாம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, 'இதுக்கு அடுத்து என்ன வரைஞ்ச?'ன்னு கேளுங்க. பதில் அடுத்த பக்கத்திலேயே இருந்தால், புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது.