தாயையும் பிள்ளையையும் சேர்த்தே உட்கார வைக்கும் சிகிச்சை

மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், நாளடைவில் மறந்துவிடும் என்று சொல்லிப் பெரியவர்கள் ஆறுதல் தேடிக்கொள்வதுண்டு. அம்மாவை அப்பா அடித்ததைப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை. சொல்லத் தெரியாமல் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறது, தூக்கத்தில் வீறிடுகிறது.

இத்தகைய, ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்காக அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மனும் பட்ரீசியா வான் ஹார்னும் வளர்த்தெடுத்ததுதான் குழந்தை–பெற்றோர் உளசிகிச்சை. பெற்றோர் சிறுவயதில் பட்ட காயம் அவர்களது பிள்ளை வளர்ப்பில் பேய்போல் புகுந்துகொள்கிறது என்று 1975இல் செல்மா ஃப்ரைபெர்க் எழுதிய கட்டுரை இதற்கு வேர்.

என்னை மிகவும் ஈர்ப்பது பிள்ளை வரும் முதல் நாள். அதற்கு முன்பே தாயிடம் தனியே பேசி, பிள்ளையிடம் எதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்திருப்பார்கள். அறையில் பொம்மைக் குடும்பம், ஆம்புலன்ஸ், போலீஸ் கார். அப்பா அம்மாவை அடித்ததை நீ பார்த்தாய், பயந்துபோனாய், அதனால்தான் உனக்குக் கோபம் வருகிறது, இங்கே விளையாடி, பேசி அதைச் சரிசெய்யப் பார்க்கலாம் என்று சிகிச்சையாளர் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறார். வீட்டில் யாரும் வாய்திறக்காத விஷயம் அம்மாவின் முன்னாலேயே பேசப்படுகிறது. பிள்ளை பொம்மையைச் சுவரில் மோதும்போது, அப்பனின் குணம் அப்படியே வந்துவிட்டதே என்று தாய் பதறுவாள். அதற்குள் இருப்பது பயம் என்று அவளுக்குக் காட்டித்தருவதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

பலன் உண்டு. 2005இல் வெளியான ஆய்வில் 75 தாய்–பிள்ளை இணைகள் பங்கேற்றன. வாரம் ஒருமுறை, ஏறக்குறைய ஓராண்டு சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடம் அதிர்ச்சியின் அறிகுறிகளும் நடத்தைச் சிக்கல்களும் குறைந்தன.

ஆனால் 2006இல் ராச்செஸ்டர் நகர ஆய்வு வேறொன்றையும் காட்டியது. துன்புறுத்தப்பட்ட கைக்குழந்தைகள் தாயிடம் பாதுகாப்பாக ஒட்டுவதில், பிள்ளை வளர்ப்புப் பயிற்சி பெற்ற குடும்பங்களும் இந்தச் சிகிச்சைக்கு ஏறக்குறைய ஈடாக முன்னேறின. இரண்டும் முடிந்து ஓராண்டு கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது: சிகிச்சையின் பலன் நிலைத்தது, பயிற்சியின் பலன் தேய்ந்தது. அந்த நிலைப்புக்காக ஓராண்டுச் செலவு தகும் என்பேன். அவ்வளவு நாள் காத்திருந்து பார்க்கப் பணம் ஒதுக்குபவர்கள்தான் குறைவு.

என் பெரிய மனக்குறை வேறு. அடிவாங்கிய தாயே பிள்ளையின் மருந்தாகவும் ஆக வேண்டியிருக்கிறது. வீட்டு வாடகை, கோர்ட்டு வழக்கு போன்றவற்றில் உதவுவதும் இந்த முறையில் அடக்கம்தான். இருந்தும் வாராவாரம் வந்து உட்கார்ந்து, தன் காயத்தைத் தொட்டுக்கொண்டே பிள்ளையின் காயத்தையும் பார்க்கவேண்டியவள் அவள்தான். அடித்தவன் அந்த அறையில் இல்லை. 2005 ஆய்வில் சேர்க்கப்பட்டவையும் அடித்தவன் வெளியேறிவிட்ட வீடுகளே. அவன் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது, உண்மையைப் பேசச் சொல்லிப் பிள்ளைக்குத் தைரியம் கொடுத்து அனுப்புவது அதை ஆபத்தில் தள்ளலாம். ஆகவே சிகிச்சையைத் தொடங்குமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அன்றிரவு அந்தப் பிள்ளை எந்த வீட்டில், யாருடன் தூங்கப்போகிறது என்பது.